உஷார்! மீன் நீந்துகிறதே என்று கையை விடாதீர்கள்

புக்கிட் பாத்தோக்கில் குடியிருப்பவர்களே, வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி வைத்திருக்கிறீர்களா? வாசலில் அல்லித் தொட்டி? சாமி மாடத்துக்குப் பக்கத்தில் சலசலவென்று ஓடும் குட்டி நீரூற்று? அப்படியானால் உங்கள் வீட்டில் ஒரு மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கியபடி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கைக்குள் அடங்குகிற அளவுதான். விலையும் இருபது, முப்பது வெள்ளிக்குள்தான். ஆனால் அதற்குள் போவது அடுப்படிச் சுவரில் வருகிற அதே 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்காமல் அந்தத் தண்ணீரில் விரல் நுனியைக்கூட வைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2020-இல் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஜூரோங் ஏரிக்கு அருகே ஹோ சிங் சாலையில் உள்ள ஒரு வீவக வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அங்கே மின்சாரம் கசிந்தது தண்ணீர் மோட்டாரிலிருந்து அல்ல, நீர்ச்சூடேற்றியிலிருந்து. ஆனாலும் சேர்ந்து நின்ற சங்கதிகளைப் பாருங்கள்: ஈரம், பழுதான மின்சாதனம், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத பழைய வீடு. இந்த மூன்றும் எந்த வீட்டில் சேர்ந்தாலும் இதே கதைதான். அதிலும் மீன்தொட்டி மோட்டாரைப் பொறுத்தவரை ஈரம் எப்போதும் தயாராகவே இருக்கிறது.

சிங்கப்பூரில் 1985 ஜூலை 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு ஆர்சிசிபி கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளுக்கு அப்படி ஒரு விதி நெடுங்காலம் இல்லை. புக்கிட் பாத்தோக்கின் முதல் புளோக்குகள் எழுந்தது எண்பதுகளின் முற்பகுதியில். அதாவது, இந்தப் பேட்டை அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது. ஒரே தெருவில் ஒரு புளோக்கில் இருக்கும், அடுத்ததில் இல்லாமல் இருந்திருக்கும். எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி இரண்டாண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசம் 2025 ஜூலை 1-உடன் முடிந்துவிட்டது. இனி இல்லாமல் வைத்திருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கவும் செய்தது. இதற்குப் பிறகும் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று இருக்கிறவர்களை என்னவென்று சொல்வது!

“எங்க வீட்ல டிபி பாக்ஸ்ல நிறைய சுவிட்ச் இருக்கே” என்பார்கள். இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை எம்சிபி. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது அவற்றின் வேலை. ஆளைக் காப்பது அல்ல. கணக்கைப் பாருங்கள். நம் மூன்று முனைப் பிளக்குக்குள் இருக்கும் பெரிய ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது 13,000 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் கை வழியாகப் பாய்ந்தாலே தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது. ஐம்பது, நூறு மில்லி ஆம்பியர் நெஞ்சைக் கடந்து ஒரு விநாடி ஓடினால் இதயம் தாளம் தப்பித் துடித்து நின்றுபோகலாம். நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டுக்கு உடம்பில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். ஆளை முடித்துவிட அது போதும். ஃபியூஸுக்கோ அது தெரியவே தெரியாது. ஒரு மின்விசிறி ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளும்.

ஆர்சிசிபி பார்ப்பது வேறு. போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், உங்கள் உடம்பு வழியாகவோ சுவர் வழியாகவோ தரைக்குப் போய்விட்டால் கணப்பொழுதில் துண்டித்துவிடும். கசிவு அதிகமாக இருந்தால் ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், 40 மில்லி விநாடியில், ஆட்டம் முடிந்துவிடும். ஷாக் அடிக்கத்தான் செய்யும். ‘ஐயோ’ என்று கையை உதறுவீர்கள். ஆனால் உதறுவதற்கு உயிர் இருக்கும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மோட்டாரின் கேபிளில் கீறல் விழுந்து தொட்டித் தண்ணீருக்குள் கரண்ட் இறங்கிவிட்டது என்று வையுங்கள். மீன்கள் செத்து மிதக்குமா? மிதக்காது. கண்ணாடித் தொட்டி, மர மேசை, பிளாஸ்டிக் உடம்பு கொண்ட மோட்டார். கரண்ட் தரைக்குப் போக வழியே இல்லை. தொட்டி முழுதும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும். மீன் அதற்குள் ஜாலியாக நீந்தும், இரை போட்டால் மேலே வரும். வழியில்லாததால் ஆர்சிசிபியும் பேசாமல் இருக்கும். நாள் கணக்காக, வாரக் கணக்காக இப்படியே ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் வெறுங்காலுடன், முந்தின வாளித் தண்ணீர் சிந்திய ஓட்டுத்தரையில் நின்றுகொண்டு பஞ்சை எடுத்துக் கழுவக் கையை விடுகிறீர்கள். அந்த நொடியில்தான் கரண்டுக்கு வழி கிடைக்கிறது. அந்த வழி நீங்கள்தான். பெட்டியில் ஆர்சிசிபி இருந்தால் அப்போதுதான் விழும். இல்லையென்றால் விழப்போவது வேறு.

ஆகவே மீன் உயிரோடு இருப்பது எதற்கும் சாட்சியமல்ல. “நேத்துகூடக் கையை விட்டேனே, ஒண்ணும் ஆகலையே” என்பதும் சாட்சியமல்ல. நேற்று ரப்பர் செருப்புப் போட்டிருந்திருப்பீர்கள். தண்ணீருக்குள் டெஸ்டரை விட்டுப் பார்க்கிற மேதாவிகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

சரி, மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த மோட்டார் ஏன் கசிகிறது? சின்ன மீன்தொட்டி மோட்டாரில் செப்புச் சுருளைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூடாவதும் ஆறுவதுமாக இருந்தால் பிசினில் மயிரிழை வெடிப்பு விழும். பெரிய மோட்டாரில், சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு சீல் இருக்கும். உள்ளே எண்ணெய் இருக்கும். தண்ணீர் வற்றியபின்னும் மோட்டாரை ஓடவிட்டால் அந்தச் சீல் காய்ந்து தேய்ந்துவிடும். அப்புறம் எண்ணெய் வெளியே, தண்ணீர் உள்ளே. குளத்தின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் மீன்தீனியின் கொழுப்பு என்று விட்டுவிடாதீர்கள். மோட்டாரின் சீல் போய்விட்டதற்கான முதல் தந்தி அது. ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் அடிபடுவது கேபிள், அதிலும் கேபிள் மோட்டாருக்குள் நுழைகிற கழுத்து. காரணம், நாம் மோட்டாரைத் தூக்குவது கேபிளைப் பிடித்துத்தான். கைப்பிடி இருக்கும், கயிறு கட்ட வளையம் இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வாலைப் பிடித்து இழுப்போம்.

அடுத்தது பிளக். இணையத்தில் மலிவாக வாங்கும் மோட்டார்கள் பலவும் இரண்டு முனைப் பிளக்குடன் வருகின்றன. நம் சுவர்ச் சாக்கெட்டோ மூன்று துளை. மேலே உள்ள எர்த் துளையில் பேனாவின் முனையைக் குத்தி, கதவைத் திறந்து, இரண்டு முனையையும் திணித்துவிடுகிற வித்தை இந்த ஊரில் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் கதவு வைத்ததே இப்படித் திணிக்கக்கூடாது என்பதற்காக. அப்படித் திணித்த பிளக்கில் ஃபியூஸும் இல்லை, பிடிப்பும் இல்லை; ஆடி ஆடிப் பொறி பறக்கும். பிளக்கும் அடாப்டரும் வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் அவை அந்த முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். சீனாவிலிருந்து நேரே வீட்டு வாசலுக்கு வருகிற பொட்டலத்தை யார் சோதித்தார்கள்?

இன்னொன்று, மல்டி பிளக். மீன்தொட்டியின் அடியில் உள்ள அலமாரிக்குள், தொட்டிக்கு நேர் கீழே அதைக் கிடத்தி வைத்திருப்பார்கள், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று. மோட்டார் கேபிளில் ஊறி வழியும் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே நேராக அந்தச் சாக்கெட்டுக்குள் இறங்கும். சாக்கெட்டைத் தரையிலிருந்து உயர்த்திச் சுவரில் மாட்டுங்கள். கேபிளைச் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் செருகுங்கள். வழிகிற தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். காசு செலவில்லாத காப்பு இது. ஆனாலும் பத்து வீட்டுக்குப் போனால் ஒரு வீட்டில் கண்ணில் படுவது கஷ்டம்.

தரைவீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொய் குளத்தில் இறங்கிப் பாசி சுரண்டுவதும், அடித்தளத்தில் மழைநீர் தேங்கினால் கால்சட்டையை மடித்துக்கொண்டு மோட்டாரைத் தூக்கிப்போய் இறக்குவதும் வழக்கமாக இருக்கிறது. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60335-2-41 என்ற தரநிலை பம்புகளுக்கென்றே எழுதப்பட்டது. குளத்தில் போடும் பம்பு என்றால், தண்ணீரில் ஆள் இருக்கும்போது ஓட்டக்கூடாது என்றும், 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவுத் துண்டிப்பான் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றும் கையேட்டில் எழுதச் சொல்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்? பெட்டியோடு சேர்ந்து மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விடுகிறது.

வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது போதும். இதைவிடக் கவலையாக இருப்பது புக்கிட் பாத்தோக்கின் மேற்கு ஓரத்தைத் தாண்டினால் தெரிகிற கிரேன்களைப் பார்க்கும்போது. தெங்கா நகரம் எழுந்துகொண்டிருக்கிறது. ஜூரோங் வட்டார ரயில் பாதை வேலை நடக்கிறது. பிற்பகல் இடிமழை ஒன்று அடித்தால் போதும், தோண்டிய குழியெல்லாம் குளம். குழிக்குக் குழி மோட்டார் போட்டு இறைக்க வேண்டும். அந்த வேலையில் நிற்கிறவர்களில் புதுக்கோட்டைத் தம்பிகள் உண்டு, சிவகங்கைத் தம்பிகள் உண்டு, ராமநாதபுரத்துத் தம்பிகள் உண்டு.

தம்பிகளே, உங்களுக்கு மோட்டார் புதிதல்ல. ஊரில் நடுராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச் அடித்துக்கொண்டு போய், ஈர வரப்பில் நின்று ஸ்டார்ட்டரைத் தட்டிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயம். இந்தியாவில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்கிற தைரியத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

குழியில் ஆபத்து எப்போது தெரியுமா? மோட்டார் ஓடும்போது யாரும் கிட்டே போவதில்லை. “அண்ணே, மோட்டார் நின்னுபோச்சு” என்று குரல் கேட்கிற அந்த நேரம்தான் ஆபத்து. சேறு அடைத்திருக்கும். ஒருவர் இறங்கிக் கையாலேயே சேற்றை வழிக்கப் போவார், மேலே பிளக் செருகியபடியே இருக்கும். நின்ற மோட்டார் செத்த மோட்டார் அல்ல. சூடு தாங்காமல் தானாக நிற்கிற காப்பு சில மோட்டார்களில் உண்டு. ஆறியதும் தானாக மறுபடி ஓடும். மிதவை சுவிட்ச் வைத்த மோட்டார், தண்ணீர் குறைந்தால் நிற்கும், நீங்கள் இறங்கி அந்த மிதவையைக் கொஞ்சம் அசைத்தால் கிளம்பிவிடும். அதைவிட மோசம், உள்ளே இன்சுலேஷன் எரிந்து நின்ற மோட்டார். நின்றதற்குக் காரணமே கசிவுதான். அந்தக் கசிவு இப்போது நீங்கள் இறங்கப்போகிற தண்ணீரில் இருக்கிறது.

மேலே போய்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, வேறு யாரோ, “யார்டா அணைச்சது?” என்று போட்டுவிடுவார்கள். பிடுங்கிய பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பூட்டும் சீட்டும் போடுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து மோட்டாரை மேலே இழுத்துக் கரையில் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். மோட்டாரை இறக்கும்போதே கயிறு கட்டியிருந்தால் குழிக்குள் ஆள் இறங்க வேண்டிய தேவையே வராது.

கேபிளில் கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால், அது தண்ணீருக்குள் போகக்கூடாது. அந்த டேப் தண்ணீரைத் தடுக்காது, மறைத்து வைக்கும். சாக்கெட்டின் நிறத்தையும் பாருங்கள்: மஞ்சள் 110 வோல்ட், நீலம் 230, சிவப்பு 400. மஞ்சள் சாக்கெட்டுக்கு வரும் டிரான்ஸ்பார்மரின் நடுவில் எர்த் கொடுத்திருந்தால், ஒற்றை வயரைத் தொட்டாலும் உடம்புக்கு வருவது 55 வோல்ட்தான். ஈரக் குழிக்கு அந்த வேறுபாடு பெரிது. சிவப்பில் ஓடுகிற பெரிய மோட்டாரை உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்காமல் தொடவே கூடாது. ஜென்செட்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் அதில் ஆர்சிசிபி இருக்கிறதா, முறையாக எர்த் அடித்திருக்கிறார்களா என்று டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே கேளுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. பெட்ரோல் மோட்டாரையோ ஜென்செட்டையோ குழிக்குள் இறக்கி ஓட்டினால் அங்கே காத்திருப்பது கரண்ட் அல்ல, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு. அதற்கும் இதே அளவு உஷார் தேவை.

முதலாளிமார்களும் மேற்பார்வையாளர்களும் கேட்டுக்கொள்ளட்டும்: வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் துணை விதிகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 2024 ஜூன் 1 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. நல்ல கேபிள் ஒரு சுருள் அதைவிட எவ்வளவோ மலிவு. மோட்டார் போட்டால் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதை பைபாஸ் செய்யச் சொல்கிற மேற்பார்வையாளரை நான் மன்னிக்கத் தயாரில்லை. விழுகிறது என்றால் மோட்டாரில் கோளாறு. மாற்ற வேண்டியது மோட்டாரை.

இனி, விபரீதம் நடந்தே விட்டால்? இங்கேதான் நல்ல மனசு ஆளைக் கொல்கிறது. 2017 ஜூன் 23 அன்று துருக்கியில் சகாரியா மாநிலத்தின் அக்யாஸி ஊரில் நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்றின் குளத்தில் மின்சாரம் கசிந்து பிள்ளைகள் மூவர் தாக்குண்டார்கள். காப்பாற்றப் பூங்காவை நடத்தியவர் குதித்தார், அவருடைய மகனும் குதித்தார். ஐந்து பேரும் இறந்தார்கள். குழியிலும் கொய் குளத்திலும் நடப்பது இதேதான். ஒருவர் சாய்ந்ததும் அடுத்தவர் பாய்வார். பாயாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள் அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். அது முடியாவிட்டால், நீங்கள் காய்ந்த இடத்தில் நின்றபடி காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் கழியாலோ கேபிளைத் தள்ளப் பாருங்கள். 995-ஐ அழையுங்கள். மின்சாரம் நின்றது உறுதியான பிறகு ஆளை வெளியே எடுத்து, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இரண்டு வீவக புளோக்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி மின்தூக்கிக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. உங்களுடையது எந்த புளோக்கில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். மின்சாரம் தாளம் தப்பவைத்த இதயத்துக்கு வேண்டியது அந்தக் கருவிதான்.

ஷாக் அடித்து எழுந்து உட்கார்ந்து “ஒண்ணும் இல்லை” என்கிறவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்பின் கோளாறு உடனே வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை.

ஊரில் அப்பா அம்மா இருக்கிற வீட்டில் சம்ப் மோட்டார் ஓடுகிறதல்லவா, அடுத்த முறை போனில் பேசும்போது அதையும் விசாரியுங்கள். சம்ப்பைக் கழுவ ஆளை இறக்குமுன் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். மெயின் பெட்டியில் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்தத் தீபாவளிக்கு அனுப்புகிற பணத்தில் அதை முதலில் போடச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே உங்கள் வேலை ஒன்றுதான். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் டிபி பாக்ஸைத் திறந்து, ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் உள்ள சுவிட்சைத் தேடுங்கள். வீட்டில் யாராவது மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பி இருந்தால் முதலில் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, பொத்தானை அழுத்துங்கள். வீடு சட்டென்று இருண்டால் நல்லது; சுவிட்சைத் தூக்கிவிட்டு, மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். இருளவில்லை என்றாலோ, அப்படி ஒரு பொத்தானே இல்லை என்றாலோ, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அவர் வந்து சரிசெய்யும்வரை மீன்தொட்டி மோட்டாரின் பிளக் வெளியிலேயே கிடக்கட்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு மீன் கடையில் கிடைக்கும். அதுவரை மீன்களுக்கு அது போதும்.